யூடியூப் பாட்டின் ஒலித்தரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய கேசட்டுகளையும் விசிடிகளையும் கணினிக்கு மாற்றித் தருவது என் தொழில். கடைக்கு வருபவர்களும் புதுச்சேரியிலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். யூடியூப் என்றே எழுதியிருப்பதற்குக் காரணம், கேட்பவர்களில் ஏறத்தாழ எல்லாரும் அதில்தான் பாட்டுக் கேட்கிறார்கள் என்பதே.

படத்தை 1080ல வெச்சா பாட்டும் நல்லா கேக்கும்னு சொல்றாங்களே, நிஜமா சார்?

ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. அப்போது படமும் ஒலியும் ஒரே கோப்பில் சேர்ந்து வந்தன. தொடக்க காலத்துச் சிறிய படத்தில் நொடிக்கு 64 கிலோபிட் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) எம்பி3 ஒலி, அதுவும் ஒற்றைத் தடத்தில் (மோனோ) வந்தது. பின்னர் 360 தரப் படத்துக்கு 96 கிலோபிட்டும், 720 தரப் படத்துக்கு 192 கிலோபிட்டும் என்ற நிலை இருந்ததால், படத்தைக் கூட்டினால் பாட்டும் தெளிந்தது. அந்த அனுபவம்தான் இன்றும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது படம் தனி ஓடையாகவும் ஒலி தனி ஓடையாகவும் வந்து உங்கள் கருவியில் சேர்கின்றன. ஆகவே 480இல் வைத்தாலும் 1080இல் வைத்தாலும் பொதுவாக வருவது ஒரே ஒலிதான். மிகவும் தாழ்ந்த படத்தரத்திலோ டேட்டா சேமிப்பு முறையிலோ மட்டும், செயலி சில நேரங்களில் குறைந்த ஒலி ஓடையைத் தேர்ந்தெடுத்துவிடும்.

அப்போ பாட்டு என்ன தரத்துலதான் வருது? சிடி மாதிரி இருக்குமா?

சிடியில் உள்ள ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். அதில் எதுவும் சுருக்கப்படவில்லை. யூடியூப் இலவசமாகத் தருவது இரண்டு வகை. ஒன்று, ஏஏசி என்னும் சுருக்க முறையில் 128 கிலோபிட். மற்றொன்று, 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்னும் முறையில் ஏறத்தாழ 130 முதல் 160 கிலோபிட் வரை. எண்ணை மட்டும் பார்த்தால் சிடியில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது என்று தோன்றும். ஆனால் இந்த முறைகள் காது கவனிக்காத பகுதிகளைப் பார்த்து நீக்குகின்றன என்பதால், இழப்பு அந்த விகிதத்தில் காதுக்குத் தெரிவதில்லை.

நல்ல மூலத்திலிருந்து ஏற்றப்பட்ட பாட்டாக இருந்தால், ஓபஸில் வருவதையும் சிடியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வது பெரும்பாலோருக்குக் கடினம். ஜால்ரா, கைத்தட்டல், ஹார்மோனியத்தின் அடர்ந்த சுரக்கூட்டு ஆகியவற்றில்தான் வேறுபாடு முதலில் தென்படும். யூடியூபில் மோசமாக ஒலிக்கும் பாட்டுகளில் பெரும்பகுதி, அங்கே ஏறுவதற்கு முன்பே கெட்டுப்போனவை என்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்த செய்தி. கீழே உள்ள பதில்கள் பலவும் அதையே தொட்டு நிற்கும்.

எனக்கு அறுபது தாண்டிடுச்சு தம்பி, இந்த வித்தியாசமெல்லாம் என் காதுக்குத் தெரியுமா?

வயது ஏற ஏற மேல் அதிர்வெண்கள்தாம் முதலில் காதை விட்டுப் போகின்றன. 128 கிலோபிட் ஏஏசியில் பெரும்பாலும் வெட்டப்படுவது 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றாகவே ஒலிக்கக்கூடும். குரலும் வீணையும் நாதஸ்வரமும் தம் உயிரை வைத்திருக்கும் பகுதி அதற்கு வெகு கீழே இருக்கிறது. இரைச்சலும் சுருதிப் பிசகும் எந்த வயதிலும் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் கம்ப்யூட்டர்ல எது ஓடுதுன்னு எப்படிப் பாக்குறது?

ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் கடைசியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் கறுப்புக் கட்டம் ஒன்று தோன்றும். அதில் 'கோடெக்ஸ்' என்ற வரியில் முதலில் வருவது படத்துக்கானது. அதை அடுத்து 'ஓபஸ் (251)' என்றிருந்தால் இலவசத்தில் கிடைக்கும் சிறந்த ஒலி உங்களுக்கு வருகிறது. 'எம்பி4ஏ.40.2 (140)' என்றிருந்தால் அது 128 கிலோபிட் ஏஏசி. 249, 250 என்ற எண்கள் தென்பட்டால் குறைந்த ஓபஸ் ஓடுகிறது என்று பொருள். கைபேசிச் செயலியிலும் அமைப்புகளுக்குள் சென்று இதே கட்டத்தை வரவழைக்கலாம்.

மாசாமாசம் பணம் கட்டுனா தரம் கூடுமா?

யூடியூப் மியூசிக் செயலியில் பிரீமியம் எடுத்தவர்களுக்கு 256 கிலோபிட் வரை கிடைக்கிறது; ஆனால் செயலியின் அமைப்புகளில் ஒலித்தரத்தை 'ஹை' என்று நீங்களே மாற்றினால்தான் அது வரும். கட்டணம் கட்டிவிட்டு 'நார்மல்' என்ற இடத்திலேயே விட்டுவைத்திருப்பவர்கள் பலர். சுருக்கப்படாத ஒலிக்கு நிகரானது வேண்டும் என்றால் 2021 ஜூன் முதல் ஆப்பிள் மியூசிக் போன்ற தனி இசைச் சேவைகளில் அது கிடைக்கிறது. எனினும், சாதாரண ப்ளூடூத் இயர்போனில் கேட்பவர் அதற்காக மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் ப்ளூடூத் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

தலைப்புல '320 கேபிபிஎஸ்', 'டால்பி', '8டி ஆடியோ'ன்னு போட்டிருக்காங்களே, அதெல்லாம் வேற தரமா?

இல்லை. ஏற்றியவர் 320 கிலோபிட் கோப்பையே கொடுத்திருந்தாலும் தளம் அதை மறுபடி சுருக்கி, இரண்டாம் கேள்வியில் சொன்ன அளவில்தான் உங்களுக்குத் தரும். யூடியூபிலிருந்து இறக்கி '320 எம்பி3' ஆக்கித் தரும் இணையதளங்கள் செய்வது இன்னும் வேடிக்கை: 128இல் இருப்பதை அகலமான கோப்பில் ஊற்றி மறுபடியும் ஒருமுறை சுருக்குகின்றன; கோப்பு பெரிதாகும், ஒலி இன்னும் சற்றுக் குறையும்.

'8டி' என்பது பாட்டை இடக்காதுக்கும் வலக்காதுக்கும் சுழலவிட்டுக் கொஞ்சம் எதிரொலியைச் சேர்க்கும் வித்தை. அது பிடித்தால் கேட்கலாம். ஆனால் இசையமைப்பாளர் செய்துவைத்த கலவை அதில் கலைந்துபோகிறது.

பாட்டு மட்டும் கேட்டா ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டேட்டா போகும்?

128 கிலோபிட் கணக்கில் ஏறத்தாழ 58 எம்பி. மிச்சமெல்லாம் படத்துக்குப் போவதுதான். பாட்டுக்காக மட்டும் திறக்கிறீர்கள் என்றால் படத்தை 360இல் வைப்பதில் ஒலிக்கு நட்டமில்லை.

சினிமா பாட்டு கத்துது, அதே சவுண்டுல கச்சேரி வெச்சா காதுலயே விழ மாட்டேங்குது. ஏன்?

யூடியூப் ஒவ்வொரு காணொளியின் சராசரி உரப்பையும் அளக்கிறது. அளக்கும் அலகுக்கு எல்யூஎஃப்எஸ் என்று பெயர். −14 என்ற அளவைத் தாண்டி உரத்து இருப்பதைத் தளம் தானாகக் குறைத்து ஒலிக்கிறது. அதைவிட மெல்ல இருப்பதை அது உயர்த்துவதில்லை. அண்மைக் காலத் திரைப்பாடல்கள் அந்த அளவை மிஞ்சியே கலக்கப்படுவதால் குறைக்கப்பட்டு −14இல் வந்து நிற்கின்றன. சபாவில் கவனமாகப் பதிந்த கச்சேரியோ −22 போன்ற இடத்தில் இருந்தால் அப்படியே மெல்ல ஒலிக்கிறது.

முன்பு சொன்ன கறுப்புக் கட்டத்தில் 'வால்யூம்' வரியைப் பாருங்கள். '100% / 56%' என்றும் பக்கத்தில் 5.0 டெசிபெல் என்றும் இருந்தால், அந்தப் பாட்டு ஐந்து டெசிபெல் குறைக்கப்பட்டு வருகிறது. டெசிபெல் கழித்தல் குறியோடு இருந்தால் அது ஏற்கெனவே மெல்லிய பதிவு. உங்கள் கையால்தான் ஒலியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மெல்ல இருப்பது தரக்குறைவு அல்ல. கீழே மெல்லவும் மேலே உரக்கவும் பாடிய இடைவெளி அதில்தான் பத்திரமாக இருக்கிறது.

ஆலாபனை மேல ஏறும்போதும் ஒரே மட்டத்துலயே இருக்கு, மூச்சு விடுற சத்தம்கூட பெருசா கேக்குதே?

கைபேசிச் செயலியில் 'ஸ்டேபிள் வால்யூம்' என்ற வசதி 2023இல் சேர்க்கப்பட்டது. மெல்லியதை உயர்த்தி, உரத்ததைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. பேச்சுக்கும் சமையல் குறிப்புக்கும் நல்லது. இசைக்கு, குறிப்பாகத் தனி ஆவர்த்தனத்துக்கும் ராக ஆலாபனைக்கும், கெடுதல். படத்தின் மேல் உள்ள பற்சக்கரத்தை அழுத்திக் கூடுதல் அமைப்புகளில் தேடினால் கிடைக்கும். கிடைத்தால் அணைத்துவிடுங்கள்.

ப்ளூடூத்ல கேட்டா தரம் குறையுமாண்ணே?

குறையும்; எவ்வளவு என்பது கருவியைப் பொறுத்தது. வந்த ஓபஸைக் கைபேசி விரித்து, ப்ளூடூத்துக்காக மறுபடி சுருக்கி அனுப்புகிறது. எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி முறையில் இது வழக்கமாக 328 கிலோபிட் வரை போகும். ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவியில் இந்த இரண்டாம் சுருக்கம் பெரிதாக உறுத்தாது. மலிவான ஸ்பீக்கர்களில் குற்றம் ப்ளூடூத்தில் இல்லை. சிறு பெட்டிக்குள் செயற்கையாகப் பிதுக்கிய தாழ்சுரத்தில் இருக்கிறது. அதில் மிருதங்கத்தின் தொப்பி ஒன்றே கேட்கும், வலந்தலை மறைந்துபோகும்.

மடிக்கணினியில் இணைத்த இயர்போனில் பாட்டு திடீரெனப் பழைய தொலைபேசி போல ஒலித்தால், ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்திருக்கிறது என்று பொருள். மைக் வேலை செய்யத் தொடங்கியவுடன் ப்ளூடூத் உரையாடல் முறைக்கு மாறி, ஒற்றைத் தடத்தில் குறுகிய ஒலியைத் தரும். அந்தச் செயலியை மூடினால் சரியாகிவிடும்.

தவில்காரர் கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கமா வருதே?

ப்ளூடூத்துக்காகச் செய்யும் மறுசுருக்கத்துக்கு நேரம் பிடிக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் மூன்று பங்கு வரை தாமதம் ஆகலாம். பல செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதித்துச் சமாளிக்கின்றன. டிவியில் அது நடக்காதபோது கண்ணுக்குத் தெரியும். கம்பியில் கேட்டும் பிசகு இருந்தால் குற்றம் காணொளியைத் தொகுத்தவருடையது.

சின்ன வயசுல கேட்ட பாட்டெல்லாம் 'ரீமாஸ்டர்'னு போட்டிருக்காங்க, ஆனா நல்லாவே இல்லையே?

78 சுழல் இசைத்தட்டுகளில் உயர் அதிர்வெண்கள் மூலத்திலேயே குறைவு, கரகரப்பு மிகுதி. அந்தக் கரகரப்பை அடியோடு துடைக்க முயன்றால் குரலின் ஓரங்களும் சேர்ந்து அழிந்து, தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல ஆகிவிடும். 'ரீமாஸ்டர்' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் தலைப்பில் எழுதலாம். மூல நாடாவை வைத்திருக்கும் இசைத்தட்டு நிறுவனம் செய்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

ஒரே பாட்டை நான்கைந்து பேர் ஏற்றியிருப்பார்கள். சற்றுக் கரகரப்பு இருந்தாலும் குரல் முன்னால் நிற்கும் பதிவையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒற்றைத் தடப் பாட்டை இரு தடம்போலக் காட்ட எதிரொலி சேர்த்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

பழைய படப் பாட்டோட சேர்ந்து பாடுனா சுருதிப் பெட்டி சேரவே மாட்டேங்குது. பாட்டு தப்பா, என் பெட்டி தப்பா?

சிதம்பரத்தில் இசை பயிலும் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது. பெட்டி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம்) ஓடுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய 'பால்' (PAL) என்னும் ஒளிபரப்பு முறை நொடிக்கு 25 சட்டங்கள். படத்தைத் தொலைக்காட்சிக்கோ விசிடிக்கோ மாற்றும்போது 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. அதனால் பாட்டு நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாகி, ஏறத்தாழ அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி ஏறிவிடுகிறது. ஐந்து கட்டையில் பாடியது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கோ போய் நிற்கும். ஐந்து நிமிடப் பாட்டு 4 நிமிடம் 48 நொடியில் முடிந்துவிடும்.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய விசிடிகளிலிருந்தும், தூர்தர்ஷனிலிருந்து வீட்டில் பதிந்த நாடாக்களிலிருந்தும் ஏற்றிய காட்சிகளில் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் பின்பற்றிய என்டிஎஸ்சி என்னும் தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடிகளில் இந்த வேக ஏற்றம் இல்லை. வேறு இரண்டு காரணங்களும் உண்டு: கேசட் ஓட்டிய கருவியின் மோட்டார் வேகம் பிசகியிருக்கலாம், அல்லது பதிப்புரிமையைக் கண்டுபிடிக்கும் தானியங்கி முறைக்குத் தப்ப, ஏற்றியவர் வேண்டுமென்றே சுருதியைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கலாம். இசைத்தட்டு நிறுவனமே ஏற்றியுள்ள ஒலிவடிவத்தோடு ஒப்பிட்டால் எது மூலச் சுருதி என்பது தெரிந்துவிடும்.

அப்போ யூடியூப்லயே வேகத்தை 0.95ன்னு வெச்சா சரியாகிடுமா?

ஆகாது. அங்கே வேகத்தைக் குறைத்தால் தாளம் மட்டும் தளரும். சுருதியை மாற்றாமல் காப்பதற்காகவே அந்த வசதி அமைக்கப்பட்டிருக்கிறது. உங்களிடம் சொந்தமாக உள்ள விசிடியிலிருந்து எடுத்த ஒலியாக இருந்தால், ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியைத் திறந்து, பெருக்கும் எண்ணாக 0.96 கொடுங்கள். தாளமும் சுருதியும் ஒருங்கே தம் இடத்துக்கு வந்துவிடும்.

திருவந்திபுரத்துல கல்யாணத்துல நாதஸ்வரம் போன்ல புடிச்சேன். யூடியூப்ல போட்டா பிளிறுது. யூடியூப் கெடுத்துடுச்சா?

யூடியூப் மேல் பழியில்லை. முகூர்த்த நாளில் அந்தக் கோவிலில் ஒரே நேரத்தில் எத்தனை மேளம் ஒலிக்கும் என்பது கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாதஸ்வரத்தின் அணைசுக்கு (அடியில் விரிந்திருக்கும் வாய்) நேரே இரண்டடியில் கைபேசியை நீட்டினால் மைக் தாங்கும் எல்லையைத் தாண்டி, அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. போதாக்குறைக்கு, கைபேசி தானாகவே ஒலியை ஏற்றி இறக்கும். தவில் ஒரு அடி விழுந்ததும் நாதஸ்வரம் அமுங்கி, பிறகு மெல்ல எழும்பும்.

பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, அணைசுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒலியளவைக் கையால் வைக்க இடம் தரும் பதிவுச் செயலி இருந்தால், உச்சம் −12 டெசிபெல்லைச் சுற்றி இருக்கும்படி வைத்தால் போதும்.

மச்சான் வாட்ஸ்அப்ல அனுப்புன வீடியோவ ஏத்தலாமா?

ஏற்றலாம், ஆனால் அதற்குள் அது ஒருமுறை நசுங்கியிருக்கும். யூடியூபில் இன்னொரு முறை நசுங்கும். மூலக் கோப்பை 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் 2 ஜிபி வரை மாறாமல் வந்து சேரும்.

எங்க சபா கச்சேரிய ஏத்தும்போது ஒலியை எந்த வடிவத்துல குடுக்கணும்?

48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (சாம்பிள் ரேட்) பதிந்து, முடிந்தவரை சுருக்காமலேயே கொடுங்கள். எம்ஓவி வகைக் காணொளிக் கோப்புக்குள் பிசிஎம் என்னும் சுருக்காத ஒலியை யூடியூப் ஏற்றுக்கொள்கிறது. கோப்பு பெரிதாகிவிடும் என்றால், தளமே பரிந்துரைக்கும் அளவான 384 கிலோபிட் ஏஏசி போதும். ஒலிக் கோப்பை மட்டும் ஏற்ற முடியாது என்பதால் ஒரு நிழற்படத்தையாவது சேர்க்க வேண்டும். உரப்பு −14ஐத் தொட வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்காக ஆலாபனையை அழுத்தித் தட்டையாக்காதீர்கள்.

இயர்போன்ல பாட்டு வருது, போன் ஸ்பீக்கர்ல வெச்சா பாடுறவர் குரலே காணோம். இது என்ன மாயம்?

கோவில் விழாக்களிலும் சபாக்களிலும் மிக்சரிலிருந்து நேரே கேமராவுக்கு ஒலி எடுத்த காணொளிகளில் இது நேர்கிறது. மிக்சரின் சமநிலை வெளியீட்டில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் போகும். ஒன்று நேராகவும், மற்றது தலைகீழாகவும். தொலைவில் சேரும் இரைச்சலை அழிக்கச் செய்த ஏற்பாடு இது. அந்தக் கம்பியைக் கேமராவின் சிறிய ஸ்டீரியோ மைக் துளையில் அப்படியே செருகினால், நேரானது இடத் தடமாகவும் தலைகீழானது வலத் தடமாகவும் பதிந்துவிடுகிறது. இயர்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் குரல் கேட்கும். ஆனால் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி எங்கோ மிதக்கும். ஒற்றை ஸ்பீக்கரில் இரு தடமும் கூட்டப்படும்போது ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கொஞ்சம் சலசலப்பு மட்டுமே.

பதிந்ததைத் திருத்துவது எளிது. ஆடாசிட்டியில் தடத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து 'இன்வர்ட்' கொடுங்கள். அல்லது வலத் தடத்தை நீக்கிவிட்டு இடத் தடத்தையே இரு பக்கமும் வையுங்கள். அடுத்த முறை, நேர்க் கம்பியை மட்டும் எடுத்து இரு தடத்துக்கும் பிரித்துத் தரும் கம்பியை மைக்செட்காரரிடம் கேட்டு வாங்குங்கள். ஏற்றுவதற்கு முன், கைபேசியின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ'வை இயக்கி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குரல் மறைந்தால் இந்தக் கோளாறுதான். அதே அமைப்பு, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுபவர்களுக்கும் பயன்படும். வலப்பக்கம் இருக்கும் வயலினை அவர்கள் இழக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே ஏத்திட்டோம், ரெண்டாயிரம் பேர் பாத்துட்டாங்க. ஒலியை மட்டும் மாத்த முடியுமா?

ஏறிய காணொளிக்குள் திருத்திய கோப்பை வைக்க யூடியூப் இடம் தருவதில்லை. சரிசெய்ததைப் புதிதாக ஏற்றி, பழையதின் விளக்கத்திலும் முதல் கருத்திலும் புதிய இணைப்பைக் கொடுங்கள். பழையதை உடனே அழித்துவிட்டால் பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் செத்துப்போகும். கொஞ்ச நாள் கழித்து அதைப் பட்டியலிடப்படாததாக மாற்றிக்கொள்ளலாம்.